ஊர் நலச் சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும், வராதவர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு ஐந்து முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டி வழக்கம்போல் நடந்தது. தெருவிளக்குக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

இனி ஐயனார் கோயில் சுதைக் குதிரையைச் செப்பனிட்ட விஷயம். ஆளுக்கொன்று பேசிவிட்டதால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

ஐப்பசி மழையில் குதிரையின் இடது காது விழுந்தது. ‘காதை ஒட்டி ரெண்டு கை எனாமல் அடித்தால் ஒரே வாரத்தில் முடிந்தது’ என்றார்கள். அப்படி அடித்து அடித்துத்தான் இந்தக் கதி. சுதை என்பது செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். சாந்து ஈரத்தை வாங்கும், விடும். எனாமலால் மூடிவிட்டால் உள்ளே போன நீருக்கு வெளியேற வழியில்லை. சாந்து பொருமி, பெயிண்டோடு பாளம் பாளமாக உதிர்கிறது. ஸ்தபதி சுரண்டும்போது ஏழு பூச்சு எண்ணினார். அடியில், சேணத்தின் மேல், காவியில் தீட்டிய தாமரை இதழ்கள் இருந்தன. பார்த்தது நானும் பூசாரியும்தான். தகவல் எல்லாருக்கும் சொல்லியிருந்தேன்.

சுண்ணாம்பு ஒரு மாதம் ஊறியது. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்தோம். ‘ஏன் இவ்வளவு தாமதம்’ என்றவர்களுக்கு இதுதான் பதில். குளமங்கலம் பெருங்காரையடி மீண்ட அய்யனார் கோயிலின் 33 அடிக் குதிரையைப் பார்க்கப் போன செலவையும் கேட்டார்கள். அது என் கைக்காசு. மாசி மகத்தில் அந்தக் குதிரையே தெரியாத அளவுக்குக் காகிதப்பூ மாலை ஏறுகிறது. நம் குதிரைக்குச் சாரம் கட்டவே மூன்று பேர்தான் வந்தார்கள்.

காலடிப் பூதத்துக்கு நீலமா பச்சையா என்று வாட்ஸ்அப்பில் நான்கு நாள் சண்டை. பேசியவர்களில் சந்தா கட்டியவர் இருவர். குதிரை வெள்ளை, பூதம் நீலம், நாக்கு சிவப்பு என்று ஸ்தபதியே முடித்துவிட்டார்.

கண் திறப்பு விடியுமுன் நடந்தது. விழியில் கருப்பு வைத்ததும் முதலில் கண்ணாடி காட்ட வேண்டும், எதிரே ஆள் நிற்கக்கூடாது. கண்ணாடி பிடிப்பதாகச் சொன்னவர் வரவில்லை. நானே பக்கவாட்டில் ஒதுங்கி, கையை நீட்டிப் பிடித்தேன். கை நடுங்கியது, ஒப்புக்கொள்கிறேன்.

வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி. சில ரசீதுகள் வர வேண்டியிருக்கிறது, பொருளாளர் விளக்குவார். ஆண்டுச் சந்தா 200 ரூபாய்தான். பாதிக்கு மேல் நிலுவை. பெயர்களை வாசிக்கவில்லை, பட்டியல் என் பையில் இருக்கிறது.

பூசாரிக்கும் ஸ்தபதிக்கும் சாரத்துக்குக் கழி தந்தவர்களுக்கும் பந்தல்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு நான் இந்தப் பொறுப்பில் இருப்பேனா என்பது சபையின் விருப்பம். குதிரைக்கு எதிரே நிற்கும் யானையின் துதிக்கையில் விரல் நுழையும் அளவுக்கு விரிசல். மாசிக்குள் முடிக்க வேண்டுமென்றால் மார்கழியிலேயே சுண்ணாம்பு ஊறப்போட வேண்டும். தொட்டியைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.