பாப்பாவின் சக்கரக் காலணியும் நீ அனுப்பிய பெட்டியும்

சுங்கை சிப்புட்,
ஞாயிறு மாலை

அன்பு மகள் கலாவுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உன் மகள் பாப்பாவும் நலம். சிங்கப்பூரிலிருந்து நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. இதைத் தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பாதி சொல்வதற்குள் நீ குறுக்கே பேசுவாய், மீதியை நான் கோபத்தில் மறந்துவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிட்டுப் பிறகு கூப்பிடு.

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். சக்கரங்களுக்கு இடையில் செருகும் ரப்பர் அடைப்புகளை வைத்துக்கொள்கிறேன். சமநிலைக் கருவி என்று நீ அனுப்பிய, இரண்டு பக்கமும் கை நீட்டி நிற்கும் அந்தக் குட்டிச் சக்கரங்களைப் பாப்பாவின் காலணியில் பொருத்த மாட்டேன். "குழந்தை விழவே விழாது என்று பெட்டியிலேயே போட்டிருக்கிறதே அப்பா" என்பாய். படித்தேன். பெட்டியில் எழுதுகிறவன் பாப்பாவைப் பார்த்ததில்லை.

செம்பனை ஆலைப் பட்டறையில் ஸ்பேனர் பிடித்தே வயதான ஆள் நான். ஒரு பொருளைக் கழற்றிப் பார்க்காமல் அதைப் பற்றிப் பேச எனக்கு வராது. நேற்று மழை விடவில்லை. பாப்பாவின் காலணி ஒன்றைத் திண்ணையில் பழைய செய்தித்தாள் விரித்துக் கவிழ்த்து வைத்தேன். அடியில் ஒரு தகடு. அதில் முன்னே ஓர் அச்சு, பின்னே ஓர் அச்சு. ஒவ்வோர் அச்சையும் சாய்வாக ஒரு தடித்த போல்ட்டு பிடித்திருக்கிறது. அந்தப் போல்ட்டில் மேலும் கீழுமாக இரண்டு ரப்பர் புஷ்கள், விரல்நுனி அளவுதான் இருக்கும். கட்டைவிரலால் அச்சை ஒரு பக்கம் அமுக்கினேன். புஷ் நசுங்கியது, அச்சு சாய்ந்தது, சாய்ந்த பக்கமாகவே சக்கரம் இரண்டும் திரும்பின. விரலை எடுத்தவுடன் புஷ் தன் வடிவத்துக்கு வந்து அச்சை நேராக்கிவிட்டது. பாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவளும் அமுக்கிப் பார்த்துவிட்டு, "தாத்தா, இதுதான் என்னைத் திருப்புகிறதா?" என்று கேட்டாள். ஏழு வயதில் அது நல்ல கேள்வி.

அந்தப் புஷ்தான் சமநிலைக் கருவி. தனியாகக் கடையில் வாங்க வேண்டியதில்லை, காலணியோடே வருகிறது. அமெரிக்காவில் பிளிம்ப்டன் என்பவர் 1863இல் செய்த வேலை இது. அதற்கு முந்திய சக்கரக் காலணிகள் நேராக மட்டும்தான் ஓடும். லண்டனில் 1760களில் மெர்லின் என்று ஒரு கருவி வல்லுநர் இருந்தார். சக்கரக் காலணி மாட்டிக்கொண்டு, வயலின் வாசித்தபடி ஒரு விருந்துக்குள் நுழைந்து, திருப்பவும் நிறுத்தவும் வழி இல்லாமல் விலையுயர்ந்த பெரிய கண்ணாடி ஒன்றில் போய் மோதினார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. வயலினும் உடைந்ததாம், மனிதருக்கும் நல்ல அடியாம். பிளிம்ப்டன் அச்சுக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பரை வைத்தார். உடலைச் சாய்த்தால் காலணி வளைந்து ஓடியது. அந்த ரப்பர் நம் ஊர்ப் பால்மரத்து ரப்பர் இல்லை. பக்கத்துக் கோலகங்சாருக்கு ரப்பர் கன்று வந்து சேர்ந்ததே 1877இல்தான். நில அலுவலகத்தின் அருகே நிற்கும் அந்தப் பழைய மரத்தைப் பள்ளிச் சுற்றுலாவில் பார்த்துவிட்டு வந்து, "ஒரு மரத்தைப் பார்க்கவா பஸ் பிடித்துப் போனோம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாயே, நினைவிருக்கிறதா? இப்போதெல்லாம் இந்தப் புஷ்களைப் பெரும்பாலும் யூரித்தேன் என்ற செயற்கைப் பொருளில் செய்கிறார்கள். உன் தாத்தா இருந்திருந்தால் அதற்கும் யாரையாவது திட்டியிருப்பார்.

இப்போது நீ அனுப்பிய பக்கச் சக்கரத்துக்கு வருகிறேன். காலணி ஒரு பக்கம் சாயப் பார்க்கும்போது அது தரையில் ஊன்றித் தடுக்கிறது. தடுத்தால் புஷ் நசுங்காது, அச்சு சாயாது, காலணி திரும்பாது. பிளிம்ப்டனுக்கு முந்திய காலத்துக்கே பாப்பாவைக் கொண்டுபோய் விட்டதாகிவிடும். குழந்தைகளின் சைக்கிளில் பின்னால் இரண்டு சின்னச் சக்கரம் இருக்குமே, அதே கதைதான். அதில் ஓட்டிப் பழகிய பிள்ளை திருப்பத்தில் உடலைச் சாய்க்கத் தெரியாமல் கைப்பிடியை மட்டும் ஒடித்துக்கொண்டு போகும். இதில் அதைவிட மோசம் ஒன்று இருக்கிறது. சைக்கிள் ஒன்று, காலணி இரண்டு. பாப்பா கால்களை நெருக்கி வைத்தால் வலது காலின் உள்பக்கச் சக்கரமும் இடது காலின் உள்பக்கச் சக்கரமும் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும். இடிக்காமல் இருக்கக் காலை அகட்டி வைப்பாள். அகட்டி நின்று பழகியவள் ஒரு காலில் எடையை ஏற்றி மறு காலைத் தள்ளக் கற்றுக்கொள்வது எப்போது? அந்தப் பக்கச் சக்கரத்தின் கையைத் தகட்டோடு பிடித்திருப்பவையும் இரண்டு போல்ட்டுகள்தான். ஸ்பிரிங் வாஷர்கூட இல்லை. அதிர்வில் போல்ட்டு எப்படித் தளரும் என்று எனக்கு நீ சொல்லித்தர வேண்டியதில்லை.

ரப்பர் அடைப்புகள் வேறு ரகம். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே செருகினால் சக்கரம் சுற்றாது. பாப்பா அதைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் நடக்கிறாள். காலணியின் எடை, அதன் உயரம், எழுந்து நிற்கும்போது முட்டி எவ்வளவு மடங்க வேண்டும் என்பதெல்லாம் பயமில்லாமல் கால்களுக்குப் பழகுகிறது. சாய்வதை அது தடுப்பதில்லை, உருள்வதை மட்டும்தான் தடுக்கிறது. அதனால் எனக்குச் சம்மதம். பழகியதும் கழற்றிவிடுவேன்.

அச்சு நட்டை இறுக்கினால் சக்கரம் மெதுவாகச் சுற்றும், தனியாக அடைப்பு எதற்கு என்று மாப்பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தாய். அவரிடம் சொல். சக்கரம் ஒவ்வொன்றுக்குள்ளும் இரண்டு பேரிங் இருக்கிறது, ஒரு ஜோடிக் காலணிக்குப் பதினாறு. இதில் இருப்பது 608 எண் பேரிங். உள்துளை 8 மில்லிமீட்டர், வெளிவிட்டம் 22, அகலம் 7. ஆலையில் சின்ன மோட்டார்களில் எத்தனையோ மாற்றியிருக்கிறேன். அது அச்சுக்குக் குறுக்காக, மேலிருந்து விழும் சுமையைத் தாங்கப் பிறந்தது. நட்டைப் போட்டு இறுக்கினால் பக்கவாட்டில் அழுத்தம் விழுந்து உள்ளே இருக்கும் குண்டுகள் தேயும். பத்து வெள்ளி அடைப்பை மிச்சப்படுத்தப் போய்ப் பதினாறு பேரிங்கைக் கெடுப்பதா? நட்டு எவ்வளவு இறுகியிருக்க வேண்டும் என்றால், சக்கரத்தைப் பிடித்து ஆட்டும்போது மயிரிழை அசைவு தெரிய வேண்டும், தட்டிவிட்டால் தடையில்லாமல் சுற்ற வேண்டும். இறுக்குவதென்றால் புஷ்களைப் பிடித்திருக்கும் அந்தச் சாய்வுப் போல்ட்டை இறுக்கலாம். புஷ் விறைக்கும், காலணி அதிகம் ஆடாது. பழகுகிற பிள்ளைக்கு அதுதான் சரி. கொஞ்சம் இறுக்கித்தான் வைத்திருக்கிறேன். துணிச்சல் வர வர, கால் சுற்று, கால் சுற்றாகத் தளர்த்துவேன்.

அம்மாவும் ஒரு பாதுகாப்புக் கருவி கண்டுபிடித்திருக்கிறார். பழைய பருத்திப் புடவையை மடித்துப் பாப்பாவின் இடுப்பில் சுற்றி, முந்தானையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். தாமான் குடியிருப்பு முழுக்க வேடிக்கை பார்க்கிறது. நானும் சிரித்தேன், ஆனால் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் பிள்ளையின் எடை குதிகாலுக்குப் போய்விடும். குதிகாலில் நிற்கிறவள் மல்லாக்க விழுவாள், தலையின் பின்புறம் தரையில் அடிக்கும். பிடிப்பதென்றால் எதிரே நின்று உள்ளங்கையைக் காட்ட வேண்டும், அவள் பற்றிக்கொள்ளட்டும். முட்டி மடங்கி, மார்பு முட்டிக்கு நேராக வந்தால் போதும், எடை தானாக நடுப்பாதத்துக்கு வந்துவிடும். "என் பேத்தியை நான் பிடிக்கக் கூடாதா" என்று உன் அம்மா இரண்டு வேளை என்னோடு பேசவில்லை. பசியாறும் நேரத்தில் தோசை மட்டும் வந்தது.

முன்னால் இருக்கும் ரப்பர் கட்டையை, அந்தப் பிரேக்கை, நீ கவனித்தாயா? கடையிலிருந்து வந்தபோது அது தரைக்கு மிக நெருக்கமாக இறங்கியிருந்தது. காலை எடுத்து வைக்கும்போதெல்லாம் முனை தட்டி முன்னால் குப்புறப் போக வைத்தது. "பாப்பாவுக்குக் கால் சரியில்லையோ" என்று நீ பயந்தது இதற்குத்தான். திருகை மேலே ஏற்றிவிட்டேன், தடுக்குவது நின்றது. எதிர்வீட்டுப் பையனின் ஒற்றை வரிசைச் சக்கரக் காலணிக்குப் பிரேக் குதிகாலில் இருக்கிறது. அவன் பாப்பாவுக்குப் பாடம் எடுக்க வந்தான். உன் வித்தை வேறு, அவள் வித்தை வேறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இவ்வளவும் சொன்னது, நீ அனுப்பாமல் விட்டதைக் கேட்கத்தான். தலைக்கவசம் இருக்கிறது, முட்டி உறை இருக்கிறது, முழங்கை உறை இருக்கிறது. மணிக்கட்டுக் காப்பு எங்கே? பாப்பாவுக்குப் பிடிக்கவில்லை, கை வியர்க்கிறது என்றாள், அதனால் விட்டுவிட்டேன் என்று எழுதியிருக்கிறாய். தாதியாக வேலை பார்க்கிற நீ இதை எழுதலாமா? விழுகிறவர் யாரானாலும் முதலில் நீளுவது கைதான். தோட்டத்தில் மேட்டிலிருந்து வழுக்கி விழுந்து, கையை ஊன்றி, மணிக்கட்டு முள்கரண்டி போல வளைந்து கிளினிக்குக்கு வந்தவர்களை நீயே சின்ன வயதில் பார்த்திருக்கிறாய். 1996இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது. சக்கரக் காலணியில் அடிபட்டு அமெரிக்க மருத்துவமனைகளின் அவசரப் பிரிவுக்கு வந்தவர்களை வைத்துச் செய்தது. காப்பு அணியாதவருக்கு மணிக்கட்டில் அடிபடும் வாய்ப்பு, அணிந்தவரைப் போல் பத்து மடங்குக்கும் மேல். அது ஒற்றை வரிசைக் காலணிக்காரர்களைப் பற்றியது, உண்மைதான். தரைக்கு அந்த வித்தியாசம் தெரியுமா என்ன?

வாங்கும்போது உள்ளங்கைப் பக்கம் வளைந்த கெட்டிப் பிளாஸ்டிக் தகடு இருக்கிறதா என்று தொட்டுப் பார். அந்தத் தகடு தரையில் வழுக்கிக்கொண்டு போகும், மணிக்கட்டைப் பின்னால் மடங்க விடாது. துணியும் பஞ்சும் மட்டும் இருப்பது கையுறை, அதற்குக் காசு கொடுக்காதே. வியர்வைக்கு உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்ளலாம், அம்மாவின் புடவை சும்மாதானே கிடக்கிறது. பாப்பாவின் உள்ளங்கைச் சுற்றளவைத் தாளின் பின்பக்கம் வரைந்திருக்கிறேன். அதைக் கடைக்கு எடுத்துப் போ, உன் கண் அளவை நம்பாதே.

அது வரும்வரை பாப்பாவுக்குத் திடலின் புல்லில் விழுகிற பாடம்தான் நடக்கும். முட்டியை மடக்கி உட்காருவது போல இறங்கி, ஒரு பக்கப் பிட்டத்தில் சாய்ந்து விழ வேண்டும். விரல்களை மூடிக்கொள்ள வேண்டும், பின்னால் வருகிறவரின் சக்கரம் ஏறாமல் இருக்க. அவளுக்கு இதுதான் மிகவும் பிடித்திருக்கிறது. தானாக விழுந்துவிட்டு "தாத்தா, இது சரியா?" என்று மதிப்பெண் கேட்கிறாள். புல்லில் தேர்ந்த பிறகு பொது மண்டபத்துக்குப் பக்கத்துப் பூப்பந்துத் தளத்துக்குக் கூட்டிப் போவேன். சிமெண்டு நன்றாக வழவழப்பாக இருக்கிறது. மழை நின்றும் தரை காயாத நாளில் விட மாட்டேன். செம்பனை லோரி போகிற அந்த இறக்கத்துப் பக்கம் எந்த நாளிலும் விட மாட்டேன். சக்கரமும் வீட்டுக்குள் ஓட்டுகிற கெட்டி ரகம், 95ஏ என்று அச்சிட்டிருக்கிறது. தார்ச்சாலைக் கல்லில் அது அதிரும், 78ஏ போன்ற மெத்தென்ற சக்கரம் இருந்தால்தான் வெளியே ஓட்டலாம். அதை இப்போது வாங்க வேண்டாம். விடுமுறை முடிவதற்குள் அவளுக்கு இதில் ஆசை தீர்ந்துவிடவும் கூடும், நீ பரதநாட்டியம் கற்றது எத்தனை மாதம் என்று அம்மா நினைவுபடுத்தச் சொன்னார்.

விழாத பிள்ளையைத்தான் நீ கேட்கிறாய் என்பது எனக்குப் புரிகிறது. இவ்வளவு தூரத்தில் இருக்கிறவள் வேறு எதைக் கேட்பாய். விழுவாள், கலா. நான் பக்கத்தில் இருப்பேன்.

பக்கச் சக்கரங்களைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொண்டால் உன் பணம் உனக்கு. எடுக்கவில்லை என்றால் இங்கேயே இருக்கட்டும். அம்மாவின் பூந்தொட்டிப் பலகைக்கு நான்கு சக்கரம் தேடிக்கொண்டிருந்தேன், அளவு பார்த்தேன், பொருந்துகிறது.

மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல். இரவுப் பணி வரும் வாரத்தில் சாப்பிடாமல் தூங்காதே.

அன்புடன்,
அப்பா