செயலாளரின் ஆண்டறிக்கை: இட்டேரி வேலையும் பிறவும்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு செயற்குழு நான்கு முறை கூடியது. பொங்கல் விளையாட்டுப் போட்டியும் கண் பரிசோதனை முகாமும் வழக்கம்போல் நடந்தன.

இட்டேரியை, அதாவது இரு வேலிகளுக்கு நடுவே போகும் நம் பழைய வண்டித்தடத்தை, மீட்கும் வேலையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அது செயலாளரின் சொந்த ஆசை என்று ஒரு பேச்சு காதுக்கு வந்தது. நம் பெரியவர்கள் சந்தைக்கும், நாம் பள்ளிக்கூடத்துக்கும் நடந்த தடம் அது. இருபுறமும் கிளுவை வேலி, இடையில் கள்ளி, வேலியடியில் கவுதாரி. எதிரே ஒரு வண்டி வந்தால் ஒதுங்க இடமிருக்காது. அதனால் முனையிலேயே குரல் கொடுத்துவிட்டுத்தான் மாட்டை உள்ளே ஓட்டுவார்கள். பெயரே அந்த நெருக்கத்தில் பிறந்ததுதான் என்பது என் கருத்து. 'இட்டு' என்றால் குறுகல். 'ஆகாறு அளவிட்டிது ஆயினும்' என்ற 478ஆம் குறளில் 'இட்டிது' வருகிறதே, அதே சொல். மண்ணை வெட்டி இருபக்கமும் இட்டு ஏற்றியதால் வந்த பெயர் என்பார் எங்கள் அப்பாரு. அதையும் எழுதி வைத்திருக்கிறேன்.

இன்று அந்தத் தடத்தைச் சீமைக்கருவேலம் அடைத்துவிட்டது. இயந்திரம் விட்டால் அரை நாளில் முடியுமே என்றார்கள். முடியும், கிளுவையும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் கையால் வெட்டச் சொன்னேன். முதல் ஞாயிறு ஆறு பேர் வந்தார்கள். அடுத்த ஞாயிறு நானும் பொருளாளரும் மட்டும். வருகிறேன் என்று கையெழுத்துப் போட்டவர்களின் பட்டியல் என்னிடம் இருக்கிறது, இங்கே படிக்கவில்லை. கிராம நிலக் கணக்கான 'அ' பதிவேட்டில் வண்டிப்பாதை என்றே இருக்கிறது. நகல் வாங்கி, அளந்து தரக் கேட்டு மனுவும் கொடுத்தாயிற்று.

சந்தா பாதிக்கு மேல் பாக்கி. சிலருக்கு இது மூன்றாவது ஆண்டு. வரவும் செலவும் ஏறக்குறைய சரியாக இருக்கின்றன, சிறு தொகை கையிருப்பு உண்டு. கணக்குப் புத்தகம் பொருளாளரிடம், யாரும் பார்க்கலாம். வரவு குறுகினாலும் செலவு அகலாமல் பார் என்கிற அந்தக் குறள்படிதான் அவர் ஆண்டை ஓட்டினார். அவருக்கும், தலைவருக்கும், இடம் கொடுத்த கோயில் நிர்வாகத்துக்கும் நன்றி.

அடுத்த ஆண்டைப் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். இரண்டு பேரை வைத்துக்கொண்டு ஒரு தடத்தை மீட்க முடியாது. ஐப்பசி மழை பிடித்ததும் வேலி விட்டுப்போன இடங்களில் கிளுவைப் போத்து, அதாவது வெட்டிய கிளை, நட வேண்டும். போத்து தர இரண்டு தோட்டத்துக்காரர்கள் சம்மதித்துவிட்டார்கள். நட ஆள்தான் வேண்டும். சந்தா பாக்கி உள்ளவர்களும் தயங்காமல் வாருங்கள், ரசீதுப் புத்தகத்தோடு இட்டேரி முனையில் இருப்பேன்.

இப்படிக்கு,
செயலாளர்