குழாய்நீரின் கடினத்தன்மை அளவை வட்டாரவாரியாக வெளியிடக் கோரும் மனு

பெறுநர்:
உயர்திரு தலைமை நிர்வாக அதிகாரி அவர்கள்,
தேசிய நீர் சேவை ஆணையம் (ஸ்பான்).

நகல்: கட்டட ஆணையர், கோலாலம்பூர் மாநகர் மன்றம்.

அனுப்புநர்: செந்தூல், ஈப்போ சாலை, பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பாளர்களும், இவ்வட்டாரங்களில் குழாய், வாட்டர் ஹீட்டர், வடிகட்டி வேலை செய்வோரும்.

பொருள்: கடினத்தன்மை அளவை வெளியிடுதல், கட்டடத் தொட்டிகளில் நீர் மாறுவதைக் கண்காணித்தல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வணக்கம். கெட்டிலின் அடியில் வெள்ளையாக ஏதாவது படிந்தால் போதும், "உங்கள் தண்ணீர் கடினமான தண்ணீர்" (கால்சியம், மக்னீசியம் அதிகம் கரைந்த நீர்) என்று சொல்லி, அவற்றை நீக்கும் கருவியான சாஃப்ட்னரை விற்க ஆள் வந்துவிடுகிறார். அவர் சொல்வது சரியா தவறா என்று பார்க்க வீட்டுக்காரர் கையில் எந்த எண்ணும் இல்லை. அந்த எண்ணைத்தான் கேட்கிறோம்.

கோலாலம்பூரின் பல பகுதிகள் சுண்ணாம்புப் பாறைமேல் நிற்கின்றன. பத்துமலையைப் பார்த்து வளர்ந்தவர்கள் குழாய்நீரிலும் சுண்ணாம்பு இருக்கும் என்று நம்புவதில் வியப்பில்லை. ஆனால் குழாயில் வருவது அந்தப் பாறைக்குள் ஊறிய நீர் கிடையாது. சிலாங்கூர், லங்காட் ஆறுகளின் நீரும், 44.6 கிலோமீட்டர் சுரங்கம் வழியாகப் பகாங்கிலிருந்து வரும் நீரும் கருங்கல் மலைத்தொடரில் பிறப்பவை. கருங்கல் கால்சியத்தை அதிகம் விடாது. எனவே சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து புறப்படும்போது இது பொதுவாக மென்னீர்தான். காரகாடி (pH) அளவைச் சரிசெய்ய அங்கே சேர்க்கும் சிறிதளவு சுண்ணாம்பு இதைக் கடின நீராக்கிவிடாது.

அப்படியானால் வெள்ளைப் படிவு எங்கிருந்து வருகிறது? கெட்டிலைக் கழுவாமல் மேலே மேலே நீர் ஊற்றிக் கொதிக்க வைத்தால் மென்னீரும் நாளடைவில் படிவு விடும். இது சாதாரணம். கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. முதலாவது, உட்பூச்சு தேய்ந்த சிமெண்டுத் தொட்டி. மென்னீர் பசியுள்ள நீர். சிமெண்டிலிருக்கும் சுண்ணாம்பைக் கரைத்துக்கொள்ளும், துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாயையும் அரிக்கும். நுழைவு மீட்டரில் மென்மையாக இருந்த நீர் மொட்டைமாடித் தொட்டியில் தேங்கிய பிறகு மாறியிருக்கலாம். இரண்டாவது, நீர்த்தடைக் காலத்துக்கென்று தோண்டிய துளைக்கிணறு. 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்று மாசினால் நிலையங்கள் மூடப்பட்டதற்குப் பிறகு இந்த யோசனை பல குடியிருப்புகளில் பேசப்படுகிறது. கிணறு சுண்ணாம்புப் பாறையைத் தொட்டால் நீர் உண்மையிலேயே கடினமாகும். அதைக் குடிநீர்த் தொட்டியிலேயே கலந்துவிட்டால் எந்த வீட்டில் எது ஓடுகிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் கண்டுபிடிக்கும் வழி எளிது. படிவைச் சுரண்டி அதன்மேல் வினிகர் விடுங்கள்: நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்புப் படிவு. நுரைக்காமல் செம்பழுப்பாக இருந்தால் துரு; கறுத்து வழவழப்பாக இருந்தால் பெரும்பாலும் மாங்கனீசு. பின்னிரண்டுக்கும் சாஃப்ட்னரிடம் வேலை இல்லை. இரும்பு வந்தால் சாஃப்ட்னருக்குள் இருக்கும் பிசின் மணிகள்தான் கெடும். அளவு வேண்டுமென்றால் மீன் தொட்டிக் கடையில் ஜிஎச் (மொத்தக் கடினத்தன்மை) சோதனைக்கான சொட்டு மருந்து கிடைக்கும். 5 மில்லிலிட்டர் நீரில் நிறம் மாறும்வரை சொட்டுகளை எண்ண வேண்டும். பொதுவாக ஒரு சொட்டு என்பது லிட்டருக்கு 17.8 மில்லிகிராம் கடினத்தன்மை (கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது). முதலில் நுழைவு மீட்டர் அருகே, பிறகு மேல்மாடிக் குழாயில் என்று இரண்டு இடத்தில் எடுத்துப் பார்த்தால் குறை தெருக் குழாயிலா கட்டடத்திலா என்பது விளங்கிவிடும்.

லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள் இருந்தால் மென்னீர், 120-க்கு மேல் கடினம், 180-ஐத் தாண்டினால் மிகக் கடினம் என்பது வழக்கமான பாகுபாடு. நமது தேசியக் குடிநீர்த் தரமோ 500 வரை அனுமதிக்கிறது. எனவே 300 உள்ள கிணற்று நீரை "தரத்துக்கு உட்பட்டது" என்று சான்றிதழ் காட்டி விநியோகிக்க முடியும். ஆனால் அந்த நீரில் பருப்பு எளிதில் வேகாது: கால்சியம் பருப்பின் செல்சுவரிலுள்ள பெக்டின் என்ற பசையைப் பிடித்துக்கொள்கிறது. தேநீரில் ஆடை படியும், சோப்பு நுரைக்காமல் திரியும். சுமார் 60 பாகையைத் தாண்டிச் சூடேறும் ஹீட்டரில் படிவு வேகமாகக் கூடி, கம்பியைப் போர்த்து அதைக் கருக்கிவிடும்.

விற்பனையாளர்களின் மின்பகுப்பு வித்தையையும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. இரும்புக் கம்பியை நீரில் விட்டு மின்சாரம் பாய்ச்சினால் இரும்புதான் கரைந்து பழுப்பாகும். உப்புகள் நீக்கிய நீரில் மின்சாரம் அதிகம் செல்லாததால் அது தெளிவாக நிற்கும். அழுக்கை அது காட்டுவதேயில்லை. டிடிஎஸ் மீட்டரும் கரைந்தவை அனைத்தையும் சேர்த்துக் காட்டுமே தவிர கடினத்தன்மையைத் தனியாகச் சொல்லாது. வெளியே வைக்கும் மணல் வடிகட்டி வண்டலைப் பிடிக்கும், கால்சியத்தைத் தொடாது. கரி வடிகட்டியைத் தொட்டிக்கு முன்னால் பொருத்தினால் இன்னும் மோசம்: குளோரின் போய்விடும், தேங்கிய நீரில் கிருமி வளரும்.

ஆகவே, நீர்க் கட்டணச் சீட்டிலோ இணையத்திலோ ஒவ்வொரு விநியோக வட்டாரத்துக்கும் கடினத்தன்மை, காரத்தன்மை, இரும்பு, மாங்கனீசு ஆகிய நான்கு அளவுகளையும் மாதந்தோறும் வெளியிட ஏற்பாடு செய்யும்படி வேண்டுகிறோம். தமிழிலும் ஒரு வரி இருந்தால் எங்கள் முதியவர்களுக்கு உதவும். சாஃப்ட்னர் விற்போர், விற்குமுன் வாங்குபவர் கண்ணெதிரே சொட்டுச் சோதனை செய்து எண்ணை ரசீதில் எழுதும்படி விதி வேண்டும்.

கட்டட ஆணையர் அவர்கள் கவனத்துக்கு: துளைக்கிணற்று நீரைப் பயன்படுத்தும் நிர்வாகக் குழுக்கள் அதைத் தனிக் குழாயில் கழிப்பறைக்கும் தோட்டத்துக்கும் மட்டும் விட வேண்டும், தொட்டி கழுவிய நாளையும் உட்பூச்சின் நிலையையும் அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். இதை மீறிக் கிணற்று நீரைக் குடிநீர்த் தொட்டியில் கலந்தால் அன்றே குடியிருப்பாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

மாதிரி எடுக்க அதிகாரிகள் வந்தால் மீட்டர் அறை, கீழ்த்தொட்டி, மொட்டைமாடித் தொட்டி மூன்றையும் திறந்து காட்டவும், அன்றைய சொட்டுச் சோதனை எண்களை ஒப்பிடவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட வட்டாரக் குடியிருப்பாளர்களும் தொழிலாளர்களும்,
கோலாலம்பூர்.