மதிக்கு, அந்த மதிப்பீட்டைப் பற்றி

அன்புள்ள மதி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனை வைத்த பிறகு வெகுநேரம் சமையலறையிலேயே உட்கார்ந்திருந்தேன். "மாநில மசோதாவுக்கு ஆகும் செலவைப் பற்றி நான் போட்ட கணக்கை வாக்கெடுப்பு முடியும்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்கிறார் மேலதிகாரி, அம்மா" என்றாய். சிறு வயதில் பள்ளியில் திட்டு வாங்கிவிட்டு வருவாயே, அந்தக் குரல். அப்போது எனக்குச் சரியாகப் பதில் சொல்ல வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

2006இல் நீ எட்டாம் வகுப்பு. அந்த ஜனவரி முதல் தேதிதான், முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரின் மருந்துத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. நான் தினமும் இரவு தாமதமாக வீட்டுக்கு வந்தது உனக்கு நினைவிருக்கும். அதுவரை ஏழைகளுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்டில் மருந்து வாங்கிக்கொண்டிருந்த பல லட்சம் பேரை ஒரே நாளில் புதிய திட்டத்துக்கு மாற்றியிருந்தார்கள். எங்கள் மருந்துக் கடைக்கு வந்தவர்களில் பலருடைய பெயர் கணினியில் இல்லை. காப்பீட்டு நிறுவனத்தின் தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன்.

ஆனால் என் மனதை விட்டுப் போகாத நாள் அந்த ஆண்டு செப்டம்பரில் வந்தது. பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்ற ஒரு அம்மாள். மாதம் தவறாமல் வருபவர். அந்த ஆண்டுக்கான அவருடைய மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டியிருந்தது. அன்றைய விதிப்படி, தாண்டினால் மொத்தச் செலவு 5,100 டாலரை எட்டும்வரை முழு விலையும் நோயாளியின் தலையில்தான். மாதச் சந்தாவை மட்டும் நிறுத்தாமல் கட்ட வேண்டியிருந்தது. தொகையைச் சொன்னேன். மூன்று மருந்துப் புட்டிகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றின் மேலும் இருந்த தன் பெயரைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைக் கேட்டார்: "இதில் எது இல்லாமல் நான் இருக்க முடியும்?"

மருந்தாளராக நான் சொல்லக்கூடிய பதில் எதுவும் அதற்கு இல்லை. மருத்துவரைக் கூப்பிட்டு விலை குறைந்த மாற்று மருந்து ஒன்றுக்கு ஏற்பாடு செய்தேன். ஒரு புட்டியை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

காப்பீட்டின் நடுவே இருந்த அந்தப் பள்ளம் தற்செயலாக விழுந்ததில்லை, மதி. மொத்தச் செலவைப் பத்தாண்டுக்கு 400 பில்லியன் டாலருக்குள் அடக்க வேண்டும் என்று சட்டத்தை அளவெடுத்து வெட்டியபோது வெட்டிய இடம் அது. மருந்து நிறுவனங்களோடு அரசு விலை பேசக் கூடாது என்றும் அதே சட்டத்தில் எழுதி வைத்தார்கள். 2022இல்தான் அது கொஞ்சம் தளர்ந்தது.

அந்த 400 பில்லியனுக்குப் பின்னால் நடந்தது உன் தொழில்காரர் ஒருவரின் கதை. மெடிகேரின் தலைமை ஆக்சுவரி, அதாவது எதிர்காலச் செலவைக் கணித்துச் சொல்பவர், ரிச்சர்ட் ஃபாஸ்டர். செலவு அதைவிட மிக அதிகமாகும் என்று 2003இலேயே அவர் கணித்திருந்தார். 400ஐத் தாண்டினால் ஆதரிக்க மாட்டோம் என்று ஆளும் கட்சியிலேயே சிலர் சொல்லிக்கொண்டிருந்த நேரம். நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்டும் கணக்கைக் கொடுக்கக் கூடாது என்று அவருடைய மேலதிகாரி தாமஸ் ஸ்கல்லி தடுத்தார், வேலை போய்விடும் என்றும் மிரட்டினார். நவம்பர் 22 அன்று விடியற்காலையில் வாக்கெடுப்பு. பதினைந்து நிமிடத்தில் முடிய வேண்டியதை ஏறக்குறைய மூன்று மணி நேரம் இழுத்து 220க்கு 215 என்று நிறைவேற்றினார்கள். ஜனவரியில் அரசே 534 பில்லியன் என்று ஒப்புக்கொண்டது.

அந்த இரவில் நடந்த இன்னொன்றை ஒரு தாயாக என்னால் மறக்க முடியவில்லை. மிச்சிகனைச் சேர்ந்த உறுப்பினர் நிக் ஸ்மித் எதிர்த்து வாக்களிக்க இருந்தார். அவருடைய மகன் அதே தொகுதியில் போட்டியிட முனைந்திருந்தார். ஆதரவாக வாக்களித்தால் மகனை ஆதரிப்போம் என்று கட்சித் தலைவர்களில் ஒருவரான டாம் டிலே சொல்லியிருக்கிறார். அதற்காகப் பின்னர் அவையின் நெறிமுறைக் குழு டிலேயைக் கண்டித்தது. பெற்றவனின் நெஞ்சில் எங்கே தொட்டால் வலிக்கும் என்று தெரிந்து தொட்டிருக்கிறார்கள். ஸ்மித் எதிர்த்தே வாக்களித்தார். மகன் அடுத்த ஆண்டு தோற்றுப்போனார்.

உன் மேலதிகாரி இப்படி வாதிடக்கூடும்: "கடைசியில் அந்தத் திட்டத்துக்கு ஆன செலவு இரண்டு கணிப்புகளையும்விடக் குறைவுதானே?" உண்மைதான், குறைவாகத்தான் ஆனது. அதுவரை மருந்துக்குக் காப்பீடே இல்லாத பல லட்சம் முதியோருக்கு அந்தச் சட்டம் உதவியதையும் நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அன்று விடியற்காலை வாக்களித்தவர்களுக்கு எதிர்காலம் தெரியாது. அவர்களுக்காகவே சம்பளம் வாங்கிக் கணித்த மனிதரின் கணக்கு கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அதை மறைத்தார்கள். உன் எண்ணும் நாளை தவறாகப் போகலாம். தவறக்கூடிய கணக்கு என்றால், அதை விவாதத்தில் எல்லோரும் புரட்டிப் பார்க்க வேண்டியது இன்னும் அவசியமாகிறது.

ஃபாஸ்டர் பதவி விலக நினைத்தும் விலகவில்லை. எதிர்க்கட்சி ஆட்சிக்கு வந்து 2010இல் தன் பெரிய சுகாதாரச் சட்டத்தை நிறைவேற்றியபோதும் அதே நாற்காலியில் இருந்தார். அந்தச் சட்டத்தால் பத்தாண்டில் நாட்டின் மொத்த மருத்துவச் செலவு 311 பில்லியன் டாலர் கூடும் என்று அவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். அவர்களுக்கும் அது கசந்தது. இந்த மனிதர் மீது எனக்கு அவ்வளவு மரியாதை. உன் மசோதாவைக் கொண்டுவருபவர்கள் நாம் வாக்களித்தவர்கள் என்பதால் நீ கூடுதலாகத் தயங்குகிறாய் என்று எனக்குத் தெரியும். நானும் அவர்களுக்குத்தான் வாக்களித்தேன். அதற்காக இதைப் பொறுத்துக்கொள்ள என்னால் முடியாது.

உன்னை வேலையை விடச் சொல்லவில்லை, பத்திரிகைக்குப் போகவும் சொல்லவில்லை. வீட்டுக்கடன் இருக்கிறது, குழந்தை இருக்கிறது. "காட்டாதே" என்று வாயால் சொன்னதை எழுத்தில் தரும்படி மரியாதையாகக் கேள். எழுதிக் கொடுக்கத் தயங்கினால், அவர் சொன்னதை நீயே ஒரு குறிப்பாக எழுதி அவருக்கு அனுப்பு. மதிப்பீட்டில் தேதியிட்டு, விதிப்படி பதிவாக வேண்டிய இடத்தில் பதிவு செய். உறுப்பினர்களின் கேள்விக்குப் பதிலளிக்கும் ஊழியருக்கு உங்கள் மாநிலச் சட்டம் என்ன பாதுகாப்புத் தருகிறது என்று வெளியில் ஒரு வழக்கறிஞரிடம் கேள். கட்டணத்தை நான் கொடுக்கிறேன், மறுக்காதே.

வேலைக்கே ஆபத்து வந்தால் மாடியறை காலியாகத்தான் இருக்கிறது. குழந்தையோடு வந்து எத்தனை மாதம் வேண்டுமானாலும் இரு. வியாழக்கிழமைக் கூட்டம் முடிந்ததும், எந்நேரமானாலும், என்னைக் கூப்பிடு. தூங்காமல்தான் இருப்பேன்.

அன்புடன்,
அம்மா