கொல்லைப்புறமும் வழிபாட்டு இடம்தான்

ஆசிரியருக்கு வணக்கம்.

மனம் சோர்ந்தவர்கள் புத்துணர்வு பெறத் தியான முகாம்களுக்குப் போக வேண்டும் என்று உங்கள் ஆன்மிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். சரி, போகட்டும், நல்லதுதான், ஆனால் அதற்கு நேரமோ வசதியோ இல்லாதவர்களுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. வீட்டின் பின்பக்கம் ஒரு மரம் இருந்தாலே போதும் என்பேன். இலை உதிர்வதைத்தான் நாம் பார்க்கிறோம். அதற்கு முன்பே மரம் பழுத்த இலையிலிருக்கும் தழைச்சத்தில் ஏறக்குறையப் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறது, காம்பின் அடியில் மெல்லிய அடுக்கு ஒன்றை உண்டாக்கிப் பதமாக இலையை விடுகிறது, அந்தக் கணுவிலேயே அடுத்த மொட்டும் பெரும்பாலும் ஏற்கெனவே தயாராக இருக்கிறது. இழந்து முடித்த பிறகுதான் புது வாழ்வு தொடங்கும் என்று எண்ணித் தவிப்பவர்களுக்கு இதைவிடப் பெரிய உபதேசம் எனக்குத் தெரியவில்லை.

என் தாயார் இறந்த சமயத்தில் எந்தச் சொற்பொழிவும் என் மனதில் ஒட்டவில்லை. அடியோடு வெட்டப்பட்ட செம்பருத்தி, பட்டைக்குள் உறங்கிக் கிடந்த மொட்டுகளிலிருந்து துளிர்த்ததைக் காலைதோறும் போய்ப் பார்த்தேன், அப்புறம்தான் என்னால் பிரார்த்தனை செய்யவே முடிந்தது. ஆகவே ஆன்மிகப் பக்கத்தில் வாரம் ஒரு சிறு பகுதியை, வாசகர்கள் தங்கள் தோட்டத்திலும் தொட்டியிலும் கண்டதை எழுத ஒதுக்குங்கள். சருகைக் கூட்டி எரிக்காமல் செடியடியில் மட்க விடும்படி அதிலேயே கேட்டுக்கொள்ளலாம்.