ஜீவனாம்சத்துக்கும் வரி உண்டா? செல்விக்கு ஒரு கடிதம்

அன்புள்ள செல்வி,

பொங்கல் முடிந்த கையோடு உன் கடிதம் வந்தது. பாப்பா மூன்றாம் வகுப்பில் நன்றாகப் படிக்கிறாள், புது வீட்டில் தண்ணீர்ப் பிரச்சினை இல்லை, அம்மா உன்னோடு வந்து இருக்கிறார் என்றெல்லாம் படித்தபோது நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். பெரியவனுக்கு மார்ச்சில் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு. வீட்டில் டிவியை மூடி ஒரு மாதம் ஆகிறது.

நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ‘தனியாகப் பிள்ளை வளர்க்கிறவளுக்கு வரியில் ஏதாவது சலுகை இருக்குமே’ என்று உன் அண்ணி அமெரிக்காவிலிருந்து சொன்னதாக எழுதியிருந்தாய். அவர் சொன்னது அந்த ஊருக்குச் சரி. தனியாகக் குடும்பத்தைத் தாங்குகிறவருக்கு அங்கே தனி வகையும் கூடுதல் கழிவும் உண்டு. 2018க்குப் பிறகு ஆன விவாகரத்தில் வரும் ஜீவனாம்சத்துக்கு, வாங்குகிறவர் மத்திய அரசுக்கு வரி கட்ட வேண்டியதில்லை. நம் நாட்டுச் சட்டம் அப்படி இல்லை. இங்கே கல்யாணம் ஆனவர், ஆகாதவர், பிரிந்தவர் எல்லோரும் தனி நபர்தான். ஒரே வரி அட்டவணைதான். ஒற்றைச் சம்பளத்தில் பிள்ளையையும் அம்மாவையும் பார்த்துக்கொள்கிற உன்னைப் போன்றவர்களுக்கு ஒரு வாக்கியம்கூட அதில் எழுதப்படவில்லை. இத்தனை வருடம் ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்திருந்தும் எனக்கு இது ஆறவே இல்லை.

அதனால் நீ முதலில் பார்க்க வேண்டியது, கைக்கு வந்த பணத்தில் எது வருமானம், எது வருமானம் இல்லை என்பதைத்தான். உனக்குச் சம்பளம், மாத ஜீவனாம்சம், உன் டெபாசிட் வட்டி, பாப்பா டெபாசிட் வட்டி என்று நான்கு வழியில் பணம் வருகிறது.

குடும்பநல நீதிமன்றத் தீர்ப்புப்படி உன் முன்னாள் கணவர் ஒரே தடவையாகக் கொடுத்த, நீ டெபாசிட்டில் போட்டிருக்கிற 15 லட்சம் வருமானம் ஆகாது. அதை மூலதன வரவு என்பார்கள், அதற்கு வரி கிடையாது. உன் அப்பா போட்ட நகைகள் திரும்பி வந்ததும் அப்படித்தான், உன் பொருள் உன்னிடம் வந்திருக்கிறது. ஆனால் ஜீவனாம்சமாக மாதாமாதம் வருகிற 20,000 அப்படி இல்லை. பிரதாப்கர் இளவரசி மகேஸ்வரி தேவியின் வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் 1980களில் சொன்ன தீர்ப்பைத்தான் இன்றைக்கும் எல்லோரும் எடுத்துக் காட்டுகிறார்கள். மொத்தமாக வந்தால் மூலதனம், மாதாமாதம் வந்தால் வருமானம். அவர் அந்த 20,000 ரூபாயைத் தன் சம்பளத்துக்கு வரி கட்டிய பிறகுதான் தருகிறார், அவருக்கு அதில் கழிவு கிடையாது. அதே பணத்துக்கு நீயும் வரி கட்ட வேண்டும். ஒரே ரூபாய்க்கு இரண்டு தடவை வரி. இது நியாயமே இல்லை என்று யாரிடம் வேண்டுமானாலும் சொல்வேன். ஆனால் ரிட்டர்னில் மறைக்காதே. வங்கிக் கணக்கில் மாதாமாதம் வரவு வைத்த பணம், கேள்வி வந்தால் பதில் சொல்லியாக வேண்டும்.

உன் ஆபீஸ் தோழிக்கு இன்னும் தீர்ப்பு ஆகவில்லை என்றாயே, அவளிடம் இதைச் சொல். பரஸ்பர சம்மத மனு எழுதும்போது வக்கீல்கள் தொகையைப் பற்றிப் பேசுவார்கள், வரியைப் பற்றிப் பேச மாட்டார்கள். மொத்தமாகவா, மாதாமாதமா என்று முடிவெடுக்கும் முன் அவள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

அடுத்தது, பாப்பா பெயரில் தாத்தா போட்ட 4 லட்சம் டெபாசிட். தாத்தா பேத்திக்குக் கொடுத்ததற்கு வரி இல்லை. அதில் வருகிற வட்டி? மைனர் பிள்ளையின் வருமானத்தைப் பெற்றோரின் வருமானத்தோடு சேர்க்க வேண்டும் என்பது வருமான வரிச் சட்டத்தின் 64வது பிரிவு. அம்மா அப்பா சேர்ந்திருந்தால் யாருக்கு வருமானம் அதிகமோ அவர் கணக்கில் சேரும். பிரிந்துவிட்டால், அந்த வருடம் பிள்ளையை யார் பராமரித்தாரோ அவர் கணக்கில். பாப்பா உன்னிடம் இருக்கிறாள், அதனால் அந்த வட்டி உன் தலையில். அவர் உன்னைவிட இரண்டு மடங்கு சம்பாதிக்கிறார் என்பது இங்கே கணக்கில் வராது. பள்ளிக் கட்டணத்தை அவர் நேரடியாகக் கட்டுவதால், சேமிப்பு, பள்ளிக் கட்டணம் போன்றவற்றை வருமானத்திலிருந்து கழிக்க விடும் 80சி பிரிவில் அந்தக் கழிவைக் கேட்கிற உரிமை கட்டுகிற அவருக்குத்தான். நீ அதைக் கோராதே.

சரி, 2025-26 நிதியாண்டுக்கு உன் எண்களை வைத்தே போட்டுப் பார்த்தேன். கணக்குப் போட இரண்டு முறை உண்டு: விகிதமும் கழிவுகளும் குறைவான புதிய முறை, கழிவுகள் அதிகமான பழைய முறை. சம்பளம் 9,60,000. புதிய முறையில் சம்பளக்காரர் எல்லோருக்கும் உள்ள நிலையான கழிவு 75,000 போனால் 8,85,000. ஜீவனாம்சம் 2,40,000 சேர்த்தால் 11,25,000. உன் 15 லட்சம் டெபாசிட்டுக்கு 7 சதவீதத்தில் 1,05,000, பாப்பா வட்டி 28,000. ஆக மொத்தம் 12,58,000.

இங்கேதான் கொஞ்சம் கவனமாகப் படி. புதிய முறையில் 12 லட்சம் வரை முழுத் தள்ளுபடி, வரியே இல்லை. ஒரு ரூபாய் தாண்டினாலும் அந்தத் தள்ளுபடி போய்விடும். அட்டவணைப்படி உனக்கு 68,700 வருகிறது. ஆனால் 12 லட்சத்துக்கு மேல் போன தொகையைவிட வரி அதிகமாகக் கூடாது என்று ஒரு நிவாரணம் வைத்திருக்கிறார்கள். உனக்கு மேலே போனது 58,000. எனவே வரி 58,000, அதன் மேல் 4 சதவீத செஸ் 2,320, மொத்தம் 60,320. அதாவது 12 லட்சத்துக்கு மேல் நீ வாங்கிய ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிறது. ஏறக்குறைய 12 லட்சத்து 70 ஆயிரம் வரைக்கும் இதே கதிதான்.

பழைய முறையையும் விடவில்லை. வாடகைக்கான கழிவு, 80சி முழுதாக 1,50,000, உனக்கும் பாப்பாவுக்கும் எடுத்த மருத்துவக் காப்பீடு 25,000, அம்மாவுக்கு 50,000 என்று எல்லாம் கழித்தும் வரி ஒரு லட்சத்தைத் தாண்டுகிறது. புதிய முறையே உனக்கு நல்லது.

உன் ஆபீஸில் இதுவரை ஒரு பைசா பிடிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். அவர்களுக்குச் சம்பளம் மட்டும்தானே தெரியும், அதற்கு வரி இல்லை. ஜீவனாம்சத்தில் யாரும் டிடிஎஸ், அதாவது கொடுக்கும்போதே பிடிக்கிற வரி, பிடிப்பதில்லை. வங்கி மட்டும் வட்டியில் 10 சதவீதம் பிடித்திருக்கும், 10,500. மீதி ஏறக்குறைய 50,000 ரூபாயை மார்ச் 15க்குள் அட்வான்ஸ் டாக்ஸாக, அதாவது வருடம் முடியும் முன்பே கட்டுகிற வரியாக, கட்டிவிடு. ஜூன், செப்டம்பர், டிசம்பர் தவணைகள் தவறியதற்குச் சின்ன வட்டி வரும், அது பரவாயில்லை. ஜூலையில் ரிட்டர்ன் போடும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் வட்டி ஏறிக்கொண்டே போகும். வங்கியில் 15ஜி படிவம் கொடுக்கச் சொன்னார்களாமே, கொடுக்காதே. வரியே வராதவர்கள் தருகிற உறுதிமொழி அது. உனக்கு வரி வருகிறது.

அடுத்த வருடத்துக்கு ஒரு வழி சொல்கிறேன். உன் நிறுவனம் என்பிஎஸ் என்கிற தேசிய ஓய்வூதியத் திட்டத்துக்குப் பங்களிப்பு தருமா என்று ஹெச்ஆரிடம் கேள். அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை நிறுவனம் போடுகிற பங்குக்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு. உன் அடிப்படைச் சம்பளம் மாதம் 40,000 என்றால் வருடத்துக்கு 67,200. இருக்கிற சம்பளத்துக்குள்ளேயே அதை மாற்றிக் கொடுத்தால், இதே எண்களுக்கு வருமானம் 11,90,800 ஆகும். 12 லட்சத்துக்குள் வந்துவிட்டாய், 60,320 ரூபாயும் மிச்சம். ஆனால் அந்தப் பணத்தை அவசரத்துக்கு நினைத்தபடி எடுக்க முடியாது, ஓய்வுக்காலத்துக்கான பணம் அது. மாதம் 5,600 ரூபாய் கையில் குறையும். வாடகை, பாப்பா செலவு எல்லாம் போட்டுப் பார்த்து, தாங்கும் என்றால் செய்.

இன்னொன்று, பாப்பாவுக்குப் பத்து வயது ஆகும் முன் அஞ்சலகத்தில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்கிவிடு. டெபாசிட்டிலிருந்து வருடத்துக்கு 1,50,000 வரை அதற்கு மாற்றலாம். புதிய முறையில் போடுகிற தொகைக்குக் கழிவு இல்லை, ஆனால் வட்டிக்கு எந்த முறையிலும் வரி இல்லை. உன் கணக்கில் ஏறுகிற வட்டி அந்த அளவுக்குக் குறையும்.

2026 ஏப்ரல் 1 முதல் புது வருமான வரிச் சட்டம் வருகிறது, பிரிவு எண்கள் எல்லாம் மாறும். அதைக் கேட்டுப் பயப்படாதே. இந்த வருடக் கணக்கு 1961ஆம் ஆண்டுச் சட்டப்படிதான்.

பிரிந்த பிறகு இத்தனை காகிதத்தையும் நீ ஒருத்தியாகவே பார்த்து முடித்திருக்கிறாய், செல்வி. முன்பு வரிக் கணக்கு என்றாலே அவரிடம் தள்ளிவிடுவாய். இந்தத் தடவை பாஸ்புக்கைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, வட்டி வரவுகளைப் பென்சிலில் வட்டமிட்டு நகல் அனுப்பியிருந்தாய். அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா!

தீர்ப்பு நகலில் தொகை எழுதியிருக்கிற பக்கத்தையும், பிப்ரவரி சம்பளச் சீட்டையும் அனுப்பு. மார்ச் முதல் வாரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில் உட்கார்ந்து இருவருமாகச் சேர்ந்தே வரியைக் கட்டிவிடலாம். அம்மாவுக்கு என் வணக்கம். பாப்பாவுக்கு முத்தம்.

உன் அன்புத் தோழி,
மல்லிகா