கன்றை விற்றுக் கன்று வாங்குகிறவருக்கு: ஒயிட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் பொது மேலாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய திரு. கிரிஸ் கெட்ஸ் அவர்களுக்கு,

வணக்கம். இந்த மடலை உங்களால் படிக்க முடியாது என்று தெரிந்துதான் தமிழில் எழுதுகிறேன். உங்களுக்குப் புரியும் மொழியில், உங்கள் அரங்கிலேயே, "அணியை விற்றுவிடுங்கள்" என்று ஆயிரக்கணக்கானோர் கத்தினார்கள். அது எந்தக் காதில் ஏறியதோ, அதே காதில் இதுவும் ஏறட்டும்.

2024-இல் சிகாகோ ஒயிட் சாக்ஸ் 162 ஆட்டங்களில் 121 தோற்றது. 1962-இல் அப்போதுதான் பிறந்த நியூயார்க் மெட்ஸ்கூட 120 தோல்வியோடு நிறுத்திக்கொண்டது. உங்கள் அணிக்கு 2024-இல் இடையில் ஒரு வெற்றிகூட இல்லாமல் தொடர்ந்து 21 தோல்விகள். அடுத்த 2025 பருவத்தில் 60 வெற்றி, 102 தோல்வி. அந்த ஆண்டு மே மாதம் போப்பாண்டவரான பதினான்காம் லியோ உங்கள் அணியின் ரசிகர், பேஸ்பாலின் இறுதிக் கோப்பைப் போட்டியான உலகத் தொடரில் 2005-இன் முதல் ஆட்டத்தை நேரில் பார்த்தவர் என்று தெரிந்ததும் அவர் உட்கார்ந்த பகுதியில் ஓவியம்கூட வைத்தீர்கள். வத்திக்கானின் ஆசியாலும் தோல்விகளை நூறுக்குக் கீழே இறக்க முடியவில்லை.

2025 பருவம் முடிந்ததும் ரசிகர்கள் கூடும் இடங்களில் ஓடிய விவாதம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். லூயிஸ் ராபர்ட் ஜூனியரை, வீரர்களைக் கைமாற்ற ஜூலையில் முடியும் கெடுவுக்குள் வேறு அணிக்குக் கைமாற்றாமல் விட்டது சரியா? 2026-க்கு 2 கோடி டாலர் கொடுத்து வைத்துக்கொள்வதா, விட்டுவிடுவதா? கைல் டீல், எட்கர் கெரோ என்று பேட்டருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்து பிடிக்கும் இளம் கேட்சர்கள் இரண்டு பேர் இருக்கிறார்களே, ஒருவரைக் கொடுத்துப் பந்து வீசும் பிட்சர் ஒருவரை வாங்கலாமா? வில் வெனபிளுக்கு, களத்தில் அணியை நடத்தும் மேனேஜர் பதவியில் இன்னும் எத்தனை ஆண்டு? ஆளுக்கொரு பட்டியலோடு வந்தார்கள். சாதகப் பொருத்தம் பார்ப்பதுபோல் பத்தொன்பது வயதுப் பையன்களின் எண்களைப் பொருத்திப் பார்த்தார்கள்.

அந்தச் சண்டையில் நான் கலந்துகொள்ளப் போவதில்லை. கைமாற்றுவது உங்களுக்குக் கைவந்த கலைதான். பிட்சர் கேரட் குரோஷேயை பாஸ்டனுக்குக் கொடுத்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. அங்கே போய் 2025-இல், பெரிய லீகின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீகிலேயே அதிகமாக 255 ஸ்ட்ரைக் அவுட் எடுத்தார், அதாவது அத்தனை முறை மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை வெளியேற்றினார். ஆனால் பதிலுக்கு வந்த நால்வரில் டீலும் சேஸ் மைட்ரோத்தும் 2025-இலேயே முதல் அணிக்கு வந்துவிட்டார்கள். மற்ற அணி பாதுகாக்காமல் விட்ட வீரர்களை எடுக்கும் விதியைப் பயன்படுத்தி மில்வாக்கியிடமிருந்து நீங்கள் கொண்டுவந்த ஷேன் ஸ்மித் முதல் ஆண்டிலேயே நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். இவற்றில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

என் பயம் வேறு. இதே காட்சியை நாங்கள் ஏற்கெனவே ஒருமுறை பார்த்திருக்கிறோம்.

2016 டிசம்பரில் பிட்சர் கிரிஸ் சேலை பாஸ்டனுக்குக் கொடுத்து யோவான் மொன்காடா, மைக்கேல் கோபெக் முதலானோரை வாங்கியபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். 2017 ஜூலையில் ஹோசே கின்டானாவை ஊருக்குள்ளேயே இருக்கும் கப்ஸ் அணிக்குக் கொடுத்து எலோய் ஹிமெனெஸையும் டிலன் சீஸையும் வாங்கினார்கள். பத்திரிகைகளெல்லாம் புகழ்ந்தன. அந்தக் கன்றுகளை வளர்க்கும் பொறுப்பு, அதாவது இளம் வீரர்களின் பயிற்சித் துறை, 2016 இறுதியில் யாரிடம் ஒப்படைக்கப்பட்டது? உங்களிடம்தான். இதைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் குத்திக்காட்டவும்தான்.

பிறகு என்ன ஆயிற்று? சேல் 2018-இல் பாஸ்டனுக்காக உலகத் தொடரின் கடைசி அவுட்டை எடுத்தார். நீங்கள் 121 தோற்ற அதே 2024-இல் அட்லாண்டாவுக்காக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கினார். அவருக்கு ஈடாக வந்த மொன்காடா அந்த ஆண்டு உங்களுக்கு ஆடியது 12 ஆட்டம். கோபெக்கை நீங்கள் ஜூலையில் அனுப்பிவைத்தீர்கள். அக்டோபரில் டாட்ஜர்ஸ் அணியோடு கோப்பையைத் தொட்டார். சீஸ்? 2022-இல் சை யங் வாக்கெடுப்பில் இரண்டாம் இடம் பிடித்த அளவுக்கு மரமாகவே வளர்ந்தார். 2024 மார்ச்சில் அவரையும் சான் டியேகோவுக்குக் கொடுத்து மறுபடி கன்றுகள் வாங்கினீர்கள். உங்கள் 21 தோல்விகளின் நடுவே ஜூலை 25 அன்று அவர் அங்கே நோ-ஹிட்டர் வீசினார், அதாவது எதிரணிக்கு ஆட்டம் முழுக்க ஒரு ஹிட்கூடக் கொடுக்கவில்லை.

மரத்தை விற்றுக் கன்று வாங்கி, அந்தக் கன்று மரமானதும் அதையும் விற்று வேறு கன்று வாங்குவதற்கு மறுகட்டமைப்பு என்று பெயரா? எங்கள் ஊரில் இதை நாற்று வியாபாரம் என்போம். விதைநெல்லை விற்ற கதையும் உண்டு. 2016 ஜூனில் வயதான பிட்சர் ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காக, இந்த அமைப்பில் ஒரு தொழில்முறை ஆட்டம்கூட ஆடாத 17 வயதுப் பையன் ஒருவனைக் கொடுத்தார்கள். பின்னாளில் சான் டியேகோவின் நட்சத்திரமான அவன் பெயர் ஃபெர்னாண்டோ டடீஸ் ஜூனியர். அது உங்கள் காலத்துக்கு முந்தைய பாவம், உங்கள் கணக்கில் எழுதவில்லை.

முதல் மறுகட்டமைப்பு கவிழ்ந்தது கைமாற்றத்தில் அல்ல. கன்றுகள் தோளுயரம் வந்த நேரத்தில் எடுத்த முடிவுகளில். அப்போதைய மேனேஜர் ரிக் ரென்டெரியா, தோற்பதற்கென்றே வைத்திருந்த அணியோடு மல்லுக்கட்டி, 2020-இல் 12 ஆண்டுக்குப் பிறகு அணியைப் பருவத்துக்குப் பிந்தைய கோப்பைச் சுற்றுக்குக் கொண்டுபோனார். அந்த அக்டோபரிலேயே அவரை அனுப்பிவிட்டு, 2011-க்குப் பிறகு மேனேஜராக நின்றிராத 76 வயது டோனி லா ரூசாவை அழைத்துவந்தார்கள். 1986-இல் அவரை நீக்கியதை நினைத்து உரிமையாளர் ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃப் வருந்திக்கொண்டிருந்தாராம். ஒருவருடைய பழைய மனவருத்தத்துக்கு ஒரு தலைமுறை வீரர்கள் பரிகாரம் செய்தார்கள். 2021-இல் 93 வெற்றி கிடைத்தது உண்மை. ஆனால் மறு ஆண்டு ஜூன் 9-ஐ யாரும் மறக்கவில்லை. டாட்ஜர்ஸின் டிரே டர்னருக்கு இரண்டு ஸ்ட்ரைக் விழுந்துவிட்டது. இன்னும் ஒன்று விழுந்தால் அவுட். அந்த நிலையில் லா ரூசா அவரை அடிக்கவிடாமல் வேண்டுமென்றே முதல் பேஸுக்கு இலவசமாக நடக்கவைத்தார். இரண்டு ஸ்ட்ரைக் ஆகிவிட்டது, என்ன செய்கிறீர்கள் என்று பார்வையாளர் வரிசையிலிருந்து ஒருவர் அலறியது தொலைக்காட்சியில் தெளிவாகக் கேட்டது. அடுத்து வந்த மேக்ஸ் மன்சி மூன்று ரன் ஹோம் ரன் அடித்தார். டிக்கெட் வாங்கி வந்தவருக்குத் தெரிந்த கணக்கு அது.

இன்னொன்று பணம். 2019 பருவத்துக்கு மானி மச்சாடோவைப் பிடிக்க அவருடைய மனைவியின் சகோதரர் யோண்டர் அலோன்சோவை முதலில் வாங்கினார்கள். மச்சான் வந்து உட்கார்ந்தால் மாப்பிள்ளை தானாக வந்துவிடுவான் என்ற நினைப்பு. நண்பர் ஜான் ஜேயும் வந்து சேர்ந்தார். மச்சாடோ 30 கோடி டாலருக்கு சான் டியேகோ போய்விட்டார். விருந்தாளிகள் மட்டும் மிஞ்சினார்கள். இன்றுவரை இந்த அணி ஒரு வீரருக்கு எழுதிய மிகப்பெரிய ஒப்பந்தம் ஆண்ட்ரூ பெனின்டெண்டிக்கு ஐந்தாண்டுக்குக் கொடுத்த 7.5 கோடி டாலர். அமெரிக்காவின் மூன்றாவது பெரிய நகரத்தில் இருக்கும் அணி இது.

ஆகவே, ராபர்ட்டை வைத்தது சரியா, விட்டது சரியா என்பதில் நான் வழக்காட மாட்டேன். டீல், கெரோ இருவரையும் வைத்துக்கொள்ளுங்கள். கேட்சரின் முழங்கால் ஒருவரை மட்டும் நம்பி இருக்கும் பொருளல்ல. 2025 ஜூலையில் வந்து 71 ஆட்டங்களில் 21 ஹோம் ரன் அடித்த கோல்சன் மான்ட்கோமரியை ஒரு மோசமான ஏப்ரலுக்காகக் கீழே அனுப்பிவிடாதீர்கள். வெனபிள் இந்தத் தோல்விகளையெல்லாம் சுமந்து முடித்த பிறகு, வெற்றி வரும் ஆண்டில் ரென்டெரியாவுக்கு நேர்ந்தது அவருக்கு நேரக்கூடாது. வெனபிளுக்கு முன் மேனேஜராக இருந்த பெட்ரோ கிரிஃபோலை 2023-இன் 101 தோல்விக்குப் பிறகும் வைத்துக்கொண்டு, 28 வெற்றிக்கு 89 தோல்வி என்று ஆனபின் 2024 ஆகஸ்ட்டில் அனுப்பிய பொறுமை உங்களிடம் இருந்தது. அதைத் தகுதியானவருக்குச் செலவிடுங்கள்.

உங்கள் கையில் முழு அதிகாரம் இல்லை என்பதும் புரிகிறது. 1981 முதல் அணியை வைத்திருக்கும் ரைன்ஸ்டார்ஃப், முதலீட்டாளர் ஜஸ்டின் இஷ்பியாவிடம் அதை ஒப்படைக்கும் ஏற்பாடு 2029-க்கு முன் தொடங்காது. அதுவரை காசுப்பெட்டியின் சாவி அங்கேதான். ஆனால் நீங்களும் இந்த அணியில் இரண்டாம் பேஸில் ஆடியவர். 2009 நவம்பரில் மார்க் டீஹனுக்காக உங்களையே கன்சாஸ் சிட்டிக்குக் கைமாற்றினார்கள். ஒரு தொலைபேசி அழைப்பில் ஊர் மாறுவது எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பரில் எல்லா அணியினரும் ஒரே விடுதியில் கூடும்போது யாராவது வந்து மைட்ரோத் என்ன விலை என்று கேட்பார்கள். அப்போது சீஸை விற்ற மார்ச் மாதத்தை ஒருமுறை நினைத்துக்கொண்டு பதில் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
2016-இல் கைதட்டிய ஒரு ரசிகன்